பைலா ஆடவைத்த கன்ட்ரி பாட்டு

மகள் பிறந்து விடுப்பில் இருந்தபோது ஆங்கிலத்தில் ஒரு கன்ட்ரி பாட்டு எழுதினேன். அலுவலக நண்பர் ஒருவர் கிற்றார் வாசித்தார். அவருடைய கராஜிலேயே பதிவு செய்து, தனிப்பாட்டாக இணையத்தில் வெளியிட்டோம். ஒரு சின்ன இணைய வானொலி அதை ஒலிபரப்பியது. "இந்தக் குரல் எங்கே இப்படி வளையப் பழகியது?" என்று யாரோ எழுதியிருந்தார்கள். சிறுவயதில் பாடிய தேவாரத்தில்தான். மகளுக்கு நப்பி மாற்றும்போதும் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். மகிழ்ச்சியில் சாப்பாடு இறங்கவில்லை.

கணவரின் தாயான மாமிக்கு மட்டும் சொல்லவில்லை. கன்ட்ரி பாட்டில் வீட்டுக் கவலையை ஒளிக்காமல் பாடுவார்கள். நானும் பாடிவிட்டேன்: பிள்ளை அழுகிறது, பால் பொங்குகிறது, புருஷனின் தாய் வந்து அலுமாரிகளை மாற்றி அடுக்குகிறாள், என் குசினியில் நானே உப்பைத் தேடுகிறேன். மாமி யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஒரு சொல்லும் அவர் காதுக்குத் தப்பாது. அந்த அலுமாரி அடியை வெட்டலாமா என்று எத்தனையோ தரம் யோசித்தேன். வெட்டினால் பாட்டே இல்லை. மாமியின் மனம் நொந்தால்? ஆனாலும் வெட்டாமலே விட்டேன்.

அடுத்த கிழமை லண்டன் ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் மச்சாளின் மகனுக்கு முதலாவது பிறந்தநாள். கேக் வெட்டி, றோல்ஸ் முடிந்து, வழக்கம்போல் பைலாப் பாட்டும் ஆட்டமும் தொடங்கின. இரண்டு பைலாவுக்குப் பிறகு ஸ்பீக்கரில் என் குரல்!

கணவரைப் பார்த்தேன். சிரித்தார். "நான்தான் டிஜேட்டைக் குடுத்தனான். எல்லாரும் கேக்கட்டுமன்."

"ஐயோ, மாமி இருக்கிறா! அந்த அடி வரப்போகுது!"

"வரட்டும்."

ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தவில்லை. தாளம் பைலாவுக்குக் கிட்டவாக இருந்ததால் அதுவும் பைலா என்றே நினைத்துவிட்டார்கள். நான் அழுதழுது எழுதிய பாட்டுக்கு கைலேஞ்சியைச் சுழற்றிக்கொண்டு இடுப்பை வளைத்தார்கள். கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்திருந்த, கணவரின் சித்தப்பா டிஜேயிடம் கத்தினார்: "தம்பி, நல்ல பாட்டு! கொஞ்சம் ஸ்பீடாப் போடும்!"

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. அலுமாரி அடி வந்தது. மாமி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு எழுந்து நேரே என்னிடம் வந்தார்.

"பிள்ளை, இது உம்மட குரலெல்லோ?"

"ஓம் மாமி."

"அந்த அலுமாரிக்காரி நானோ?"

"ஓம் மாமி. நோகுமெண்டு பயந்துதான் சொல்லேல்லை."

"நோகத்தான் செய்யுது. உப்பை அடுப்புக்குப் பக்கத்திலைதானே வைச்சனான்? தேடத் தெரியாட்டி நான் என்ன செய்யிறது?" என் தோளில் கையை வைத்தார். "இதை என்னட்டை நேரையே சொல்லியிருக்கலாம். ஆனா இங்கிலீசிலை பிழையில்லை. நல்லாப் பாடியிருக்கிறீர்."

பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பி, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "இது என்ர மருமகள் பாடினது. என்னைப் பற்றின பாட்டு!"

"அப்பிடியே? மச்சாள், உங்களைத் திட்டியோ?"

"திட்டித்தான். நீர் விளங்காமல் ஆடினீர். இப்ப விளங்கி ஆடும்!"

டிஜே மறுபடி போட்டார். மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். மகளைக் கணவரின் கையில் திணித்துவிட்டு நானும் ஓடினேன். என் பாட்டுக்கு எந்தக் காலை முதலில் வைப்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை.