ராகு காலத்துக்கு முன் விட்ட ராக்கெட்

லண்டனில், ஸ்ட்ரெதமில் நாங்கள் இருந்த அறைக்குக் கதவு இருந்தது, ஆனால் அது சாத்தாது. பூட்டிலோ பிணைச்சலிலோ பிழையில்லை. அறை ஒருவருக்கென்று கட்டியது, கட்டில் இருவருக்கென்று வாங்கியது. கதவைச் சாத்தப் போனால் ஒரு சாண் மீதி இருக்கும்போதே கட்டில் காலில் முட்டி நின்றுவிடும். அந்த ஒரு சாண் இடைவெளியைத் தாண்டித்தான் வீட்டில் இருந்த எல்லோரும் குளியலறைக்குப் போய்வர வேண்டும். கலியாணம் கட்டி இரண்டு வருடம் நானும் என் கணவரும் கிசுகிசுத்தே குடும்பம் நடத்தினோம். சண்டையைக்கூடக் கிசுகிசுத்துத்தான் பிடித்தோம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். கிசுகிசுத்துக் கோபப்பட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தும்மலை அடக்குவதுபோல, காதுக்குள் வலிக்கும்.

வீடு என் கணவரின் தமையனாருடையது. நான் அவரை அத்தான் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் இருவரையும் லண்டனுக்கு எடுப்பித்தவர் அத்தான்தான். விமான நிலையத்தில் வந்து நின்றவர், எனக்குக் குளிர்ச்சட்டை வாங்கித் தந்தவர், என் கணவருக்கு ஒரு சேமிப்புக் கிடங்கில் இரவு ஷிப்ட் பிடித்துக் கொடுத்தவர், எல்லாம் அவர்தான். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஒரு நாள் நல்லாகச் சண்டை பிடித்துவிட்டு வெளிக்கிட்டிருக்கலாம். நல்லவர் வீட்டிலிருந்து வெளிக்கிடுவதற்கு வழியே இல்லை.

எங்கள் ஆட்களிடம், தம்பிக்காரன் தனியாகப் போகிறேன் என்றால் மனிசிக்காரி பிரித்துக்கொண்டு போகிறாள் என்று அர்த்தம். அண்ணன்காரன் போகச் சொன்னால் கூடப் பிறந்தவனைத் துரத்திவிட்டான் என்று அர்த்தம். மூன்றாவது அர்த்தம் ஒன்று இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அப்படியிருக்க, லண்டனின் தெற்கோரம் சட்டன் என்ற இடத்தில் ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு ஒன்று எங்களுக்கு அமைந்தது. வீட்டுக்காரி ஒரு வெள்ளைக்கார விதவை. என்னோடு தையல் வேலை செய்த பெண் சொல்லித்தான் போய்ப் பார்த்தேன். வியாழக்கிழமை அந்த அம்மா திறப்பை என் கையிலேயே தந்துவிட்டார். “சனி ஞாயிறு யோசியுங்கள், வேண்டுமானால் ஜன்னல்களை அளந்து பாருங்கள், திங்கள் காலையில் திறப்போடு வந்து பதில் சொல்லுங்கள்” என்றார். வீட்டுச் சாவியை நாங்கள் திறப்பு என்போம். அந்தத் திறப்பை ஊசியில் கோத்து என் தாலிக்கொடியோடு சேர்த்துச் சட்டைக்குள் குத்தி வைத்திருந்தேன். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. என் கணவர் தன் அண்ணனிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அதற்காகத்தான் நான் அந்தக் கூடாரப் பயணத்துக்கே சம்மதித்தேன்.

என் கணவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது: விளையாட்டு ராக்கெட். கிடங்கில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் பழக்கிவிட்டது. கடதாசிக் குழாயை ஒட்டி, மெல்லிய பலகையில் செட்டை வெட்டி, கடையில் வாங்கிய சிறு வெடிமருந்துக் குழலை அடியில் செருகி, மின்கம்பி வைத்துப் பற்றவைத்தால் சீறிக்கொண்டு போகும். மேலே போனதும் மூக்குக் கழன்று பிளாஸ்டிக் பாரசூட் விரியும். இதெல்லாம் அவர் எங்கள் கட்டிலில் வைத்துத்தான் செய்வார். என் தலையணையில் எப்போதும் பசை மணம். அந்த வெள்ளைக்காரர் கென்ட் கடற்கரையில் ஓரிடம் சொல்லியிருந்தார். மரமில்லை, புல்லும் அவ்வளவாக இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கல். இங்கிலாந்தின் பாலைவனம் என்று அதைச் சொல்வார்களாம். தன் டென்ட்டையும் இரவல் தந்தார்.

அத்தானிடம் இதைச் சொல்ல முடியாது. “வீடு வாசல் இருக்கிற ஆக்கள் ஏன் கூடாரத்திலை படுக்கிறது?” என்று ஏற்கெனவே ஒருமுறை சிரித்திருந்தார். அதனால் வடக்கே ஒரு கோயிலில் திருவிழா, கூட்டாளி ஒருவரின் வீட்டில் தங்குகிறோம் என்று பொய் சொன்னோம். பொய்க்குத் தக்கபடி சனிக்கிழமை காலை நான் பட்டுச்சேலை உடுத்திப் பூவும் வைத்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் அக்கா ஓடிவந்து ஒரு தேங்காயை என் கையில் வைத்தார்.

“பிள்ளை, ஒரு நேர்த்தி. பிள்ளையாரிட்டை இதை என்ரை பேரிலை உடைச்சுவிடும்.”

“என்ன நேர்த்தி அக்கா?”

“அதெல்லாம் இப்ப சொல்லக்கூடாது. சரிவந்தால் சொல்லுறன்.”

பட்டுச்சேலையை ஸ்டேஷன் மலசலகூடத்தில் மாற்றிக்கொண்டேன். தேங்காயை என்ன செய்வதென்று தெரியாமல் ராக்கெட்டுகளோடு சேர்த்துப் பையில் வைத்தேன். பொய் சொல்லிவிட்டுச் சாமித் தேங்காயைச் சுமப்பது நெஞ்சை உறுத்தத்தான் செய்தது.

போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை முழுக்க டென்ட்டுக்குள் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். ஸ்ட்ரெதம் அறையைவிடச் சின்ன இடம். ஆனால் அதன் வாசலுக்கு ஒரு ஜிப் இருந்தது. கீழிருந்து மேலே இழுத்தால் முழுதாக மூடியது. அதை இழுத்து மூடிவிட்டு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நான் என் சொந்தக் குரலில் அவரோடு கதைத்தேன். கதைத்தேன் என்ன, கத்தினேன்.

“திங்கக்கிழமை நான் அந்த மனிசிக்கு என்ன சொல்லுறது? சொல்லுங்கோவன்!”

“ஆறுதலாய்ச் சொல்லுவம் எண்டுதானே நினைச்சனான்.”

“எப்ப? எங்களுக்கொரு பிள்ளை பிறந்து, அது அந்தக் கதவு இடுக்காலை எட்டிப் பாக்கேக்கையோ?”

அவர் ஜிப்பின் நுனியைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தார். மழை டென்ட்டில் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில், “அண்ணையின்ரை முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல ஏலாதப்பா. வாய் வராது” என்றார். கோபத்திலும் எனக்குப் பாவமாக இருந்தது. அவரும் என்னைப் போலத்தான் அகப்பட்டிருந்தார், ஆனால் என்னைவிட இன்னும் ஆழத்தில்.

விட்டேனா? பிடித்த பிடியில் நின்று ஒரு வாக்கு வாங்கினேன். நாளைக்கு ராக்கெட் நல்லபடி போய் நல்லபடி இறங்கினால், வீட்டுக்குப் போன உடனே அண்ணையிடம் சொல்வது. அவர் தலையாட்டினார். எனக்கு அது போதவில்லை. ஊசியைக் கழற்றி, சட்டன் வீட்டுத் திறப்பை எடுத்து, ராக்கெட்டின் மூக்குக்குள் நானே செருகினேன்.

“இது போய் வரட்டும். பிறகு நீங்கள் மாற ஏலாது.”

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது, காற்று விடவில்லை. மதியம் முழுக்க அவர் விரலை நனைத்து நனைத்து உயர்த்திப் பார்த்தார். “பின்னேரம் காத்து விழும். பொறுத்து விடுவம்” என்றார். நான் கைப்பையில் இருந்த நாட்காட்டித் தாளை எடுத்தேன். கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடையில் கொடுத்த நாட்காட்டி, அதில் கிழித்து வந்தது. ஞாயிறு ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை. ஆறே காலுக்குக் கடைசி பஸ்.

“நாலரைக்கு முன்னம் விடுங்கோ.”

“இஞ்சாரும், இந்தக் காத்துக்கு விடக்கூடாது. ராகு காலம் ராக்கெட்டுக்கு இல்லை.”

“திறப்பு உள்ளுக்கை இருக்கு. எங்கடை வீட்டு விசயம். ராகு காலத்திலை தொடங்க நான் விடமாட்டன்.”

நாலு பத்துக்கு அவர் ராக்கெட்டை நிறுத்தும் கம்பியை நட்டார். தொடங்குவதென்றால் முறையாகத் தொடங்க வேண்டுமே. அக்காவின் தேங்காயை எடுத்து, கிடந்த பழைய சிமெந்துக் கட்டை ஒன்றில் நானே அடித்தேன். சரிபாதியாகப் பிளந்தது. பிள்ளையார் எங்கேயும் இருப்பார்தானே என்று சொல்லிக்கொண்டேன். அவர் பொத்தானை அழுத்தினார்.

ராக்கெட் அழகாகத்தான் போனது, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். வெள்ளைக் கோடு ஒன்று கிழித்துக்கொண்டு மேலே மேலே போய், செம்மஞ்சள் பாரசூட் பொத்தென்று விரிந்தது. நான் கைதட்டினேன். பிறகு காற்று அதைப் பிடித்தது. இறங்காமல் பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கல்லில் கால் புதையப் புதைய ஓடினோம். இரண்டு அடி வைத்தால் ஓரடி பின்னால் வழுக்கும் கல். ஒரு நீளமான கம்பி வேலிக்கு அப்பால் அது போய் விழுந்தது. வேலியில் ஒரு பலகை. இராணுவப் பயிற்சி நிலம், உள்ளே போகத் தடை.

பாரசூட் எங்களுக்குத் தெரிந்தது. வேலியிலிருந்து நூறு அடி இருக்காது. ஒரு முட்செடியில் மாட்டிக்கொண்டு படபடத்தது.

நாய் ஒன்றோடு நடந்து வந்த கிழவர் எங்களைப் பார்த்து நின்றார். “வாசலில் காவல்காரன் இருக்கிறான். இன்றைக்குச் சூட்டுப் பயிற்சி இல்லை. கேட்டால் அவனே எடுத்துத் தருவான், நல்ல பையன்” என்று கை காட்டினார். வேலி முடிகிற இடத்தில் சிறு காவல் கூண்டு தெரிந்தது, அதில் பச்சை உடுப்பில் ஒருவன். என் கணவர் அந்தக் கிழவருக்கு நன்றி சொன்னார். கிழவர் போனார். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம்.

“போய்க் கேளுங்கோவன்.”

“கேட்டால் பேர் கேப்பான். விலாசம் கேப்பான். ராக்கெட் எண்டு சொல்லுறதே? எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. விலாசம் எண்டால் அண்ணையின்ரை விலாசம்.”

“அப்ப நான் போறன்” என்றேன். பத்து அடி போயிருப்பேன். கூண்டுக்குள் இருந்தவன் எழுந்து துப்பாக்கியைத் தோளில் சரிசெய்தான். என்னை அவன் பார்க்கக்கூட இல்லை. என் கால்கள் நின்றுவிட்டன. ஊரில் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய கால்கள் அவை, அதற்குமேல் ஒரு அடி வைக்க மறுத்தன. அவருக்குப் பயம் என்று மனதுக்குள் ஏசியவள், நானும் திரும்பி வந்தேன்.

ஐந்து மணிக்குக் காற்று விழுந்தது. கடல் தகடுபோலக் கிடந்தது. பாரசூட் செடியில் அசையாமல் தொங்கியது. சரியான ராகு காலம். என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. டென்ட்டை மடித்தோம். தேங்காய்ப் பாதிகளைப் பாண் ரொட்டித் துண்டுகளோடு தின்றோம். ரயிலில் ஏறியதும் அவர் நித்திரையாகிவிட்டார். முகத்தில் காய்ச்சல் விட்ட ஒருவரின் தெளிவு. திறப்புப் போனதைவிட, வாக்கிலிருந்து தப்பிய அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆனி மாதம், வீட்டுக்கு வரும்போதும் வெளிச்சம் இருந்தது. நான் மறுபடி பட்டுச்சேலையில். அக்கா கதவைத் திறந்ததும் கேட்டார்: “தேங்காய் எப்பிடி உடைஞ்சது?”

“சரிபாதியாய் அக்கா.” அந்த வார இறுதியில் அவருக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார். அத்தான் முன்னறையில் இருந்தார். என் கணவர் அவரிடம் போனார், செய்தி பார்த்தார், படுக்க வந்தார்.

திங்கள் காலை நான் தனியாகச் சட்டனுக்குப் போனேன். பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருந்ததால் அந்த அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். திறப்பு ராக்கெட்டில் போய் இராணுவ வேலிக்குள் விழுந்துவிட்டது, ஆனால் வீடு எங்களுக்கு வேண்டும். அவர் என்னை நல்லாகப் பார்த்தார். பூட்டை மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய விசயமில்லை என்றார். ஆனால் குடிவருவதற்கு முன்பே திறப்பைத் தொலைத்துவிட்டு இப்படி ஒரு கதை சொல்கிறவர்களிடம் வீட்டைக் கொடுக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கதவையும் மெதுவாகத்தான் சாத்தினார். அது முழுதாகச் சாத்திக்கொண்டது.

பின்னேரம் குசினியில் வெங்காயம் உரிக்கச் சொன்னார் அக்கா. வெங்காயச் சாட்டில் நல்லாக அழுதேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, அழாதையும். சரிவந்தால்தான் சொல்லுறது எண்டிருந்தனான். அந்தத் தேங்காய் உங்களுக்காகத்தான். உங்கள் ரண்டு பேருக்கும் தனிய ஒரு வீடு அமையவேணும் எண்டு.”

கத்தி என் கையில் அப்படியே நின்றது.

“அத்தானுக்கும் அதுதான் மனம். பெட்டைப் பிள்ளையள் ரண்டும் வளந்திட்டுதுகள், அந்த அறை வேணும். உங்களைப் பாக்கவும் பாவமாய்க் கிடக்கு. ஆனால் தம்பியிட்டைப் போ எண்டு எப்பிடிச் சொல்லுறது? துரத்திப்போட்டான் எண்டெல்லோ சனம் சொல்லும். ஒரு வருசமாய் அந்த மனிசன் வாய் திறக்கேலாமல் கிடக்குது.”

நான் சொன்னேன். சட்டன், திறப்பு, ராக்கெட், காவல் கூண்டு, எல்லாம். அவருடைய தேங்காயை நானே உடைத்ததையும் சொன்னேன். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

“ஏன் பிள்ளை என்னட்டை ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

“நீங்களும் சொல்லேல்லையே அக்கா.”

சரி, இப்போது போய் இரண்டு ஆண்களிடமும் சொல்வோம் என்றேன். அக்கா பயந்து என் கையைப் பிடித்தார். “ஐயோ, வேண்டாம். நான் சொல்லிக் குடுத்து நீர் கேட்டதெண்டு வரும். நீர் கேட்டு நான் துரத்தினதெண்டு வரும்.” யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். முன்னறையில் அண்ணனும் தம்பியும் ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறையில் இன்னும் மூன்று வருடம் இருந்தோம். என் மூத்த மகள் அங்கேதான் பிறந்தாள், அந்த ஒரு சாண் இடுக்கில்தான் தவழ்ந்து வெளியே போகப் பழகினாள். அந்தத் திங்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையே அக்கா இன்னொரு தேங்காய் வாங்கிவந்தார். இந்த முறை அதை என்னிடம் தரவில்லை, அவரே கோயிலுக்குக் கொண்டுபோனார்.