மங்கியது அச்சல்ல, என் கண்

இந்த இதழின் அச்சு புகை படிந்தாற்போல் இருக்கிறதென்று ஆசிரியரைத் திட்டிக் கடிதம் எழுதிய மேதாவி நான்தான். புகை என் கண்ணுக்குள் இருந்தது.

நீரிழிவு என் சிறுநீரகங்களைத் தின்று முடித்தபின், வாரம் மும்முறை கொழும்பு வெள்ளவத்தையில் டயலிசிஸ் மெஷினோடு படுத்திருக்கிறேன். அங்கே எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பது வாசிப்பு ஒன்றுதான். இடது கண் முன்பே மங்கல். வலது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதந்தபோதும் வைத்தியரிடம் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில் அந்தக் கண்ணும் இருண்டது. பக்கத்துக் கட்டில் அந்தோனியிடம், "கரண்ட் போயிட்டுதோ?" என்று கேட்டேன். அவர் கொட்டாஞ்சேனைக்காரர்.

"லைட் எரியுதே அண்ணே!" என்றவர், சிங்களத்தில் தாதியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

இரத்தம் உறையாமலிருக்க ஏற்றும் மருந்தைத் தாதி உடனே நிறுத்தினார். இனி ஒரு வரிகூட வாசிக்க முடியாதென்று நான் வாய்விட்டு அழுதேன்.

"கண்ணுக்குள்ள இரத்தம் கசிஞ்சிருக்கு. கிட்னிக்கு ஓடித் திரியிறியள், கண்ணை ஒருக்காவும் காட்டேல்லையோ?" என்று கண் வைத்தியர் ஏசினார். ஊசி, லேசர், மாதக்கணக்கில் இருட்டு. திரை பாதிதான் விலகியது.

இப்போது தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடிக் கலண்டரைப் பார்க்கிறேன். சிறு நூல் மிதந்தாலும், மெஷினில் மாட்டுமுன் தாதியிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பாதிப் பார்வை திரும்பிய அன்று, "உங்கட முகம் தெரியுது, அந்தோனி!" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"இதைப் பாக்கவா அண்ணே இவ்வளவு பாடுபட்டீங்க? என்ட மனுசியே திரும்பிப் பாக்கிறதில்ல" என்றார்.