பொட்டு வைத்த கேமரா

உப்பளத்தில் வேலை நிற்கும் மாதங்களில் கிடைத்ததைச் செய்வேன். அந்த வருஷம் கிடைத்தது கொடி ஆட்டுகிற வேலை. மரக்காணத்துக்குத் தெற்கே, ஈசிஆரை ஒட்டி ஒருவர் கோ-கார்ட் டிராக் போட்டிருந்தார். தரையோடு தரையாக ஓடும் குட்டி கார்கள். கடைசி வளைவில் யாராவது யாரையாவது இடித்தால் நான் மஞ்சள் கொடியை ஆட்டி, தப்பு யார் மேல் என்று சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீரில் வெடித்த குதிகாலுக்கு ஷூ கொடுத்தார்கள். மதியச் சாப்பாடும் உண்டு. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

யார் மேல் தப்பு சொன்னாலும் திட்டு எனக்குத்தான். எக்கியார்குப்பத்தில் மீன் வண்டி ஓட்டும் என் நண்பன் இங்கே ரேஸில் ஜெயித்தால், "அவன்கூடத்தான நீ டீ குடிக்கிற" என்பார்கள். தோற்றால் அவனே திட்டுவான். ஓனர் சலித்துப்போய் வளைவில் கம்பம் நட்டுக் கேமரா மாட்டினார். படம் ஷெட்டில் இருக்கும் டிவியில் வரும்.

"இனிமே உன் கண்ணு வேணாம்பா. கொடிய மட்டும் ஆட்டு" என்றார். எனக்கு நிம்மதி.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பெரிய ரேஸ். ஜெயிப்பவரைச் சென்னைப் போட்டிக்கு ஓனரே அனுப்புவார். நண்பனுக்கு அது ஒன்றுதான் வேண்டும். தன் செலவில் அவனால் ஒருநாளும் போக முடியாது. கடைசிச் சுற்றில் அவனும் புதுச்சேரிக் கல்லூரிப் பையன் ஒருவனும் ஒட்டிக்கொண்டே வளைவுக்குள் வந்தார்கள். டமால் என்று சத்தம். பையன் டயர் அடுக்கில் போய் நின்றான். நண்பன் கோட்டைத் தாண்டினான்.

"இடிச்சிட்டாரு சார்!"

"டேய், நீதான்டா உள்ள வந்து வுழுந்த!"

எல்லோரும் ஷெட்டுக்கு ஓடினோம். காலையிலிருந்து யாரும் டிவியைப் போட்டுப் பார்த்திருக்கவில்லை. படத்தில் இரண்டு வண்டிகளும் வந்தன. வளைவு இருக்க வேண்டிய இடத்தில் செம்மஞ்சளாக ஒரு பெரிய உருண்டை. இரண்டும் அதற்குள் நுழைந்தன. ஒன்று மட்டும் வெளியே வந்தது.

"என்னடா இது?" என்று கேட்ட ஓனரின் முகம் மெல்ல மாறியது. முந்தின நாள் காற்றடிக்கும் பம்பு முதல் கேஸ் அடுப்பு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், ஏணி போட்டு ஏறிக் கேமராவுக்கும் வைத்திருக்கிறார். கண்ணாடியின் நட்டநடுவில்.

"நெத்தின்னு நெனச்சேன்" என்றார்.

"சார், அது கண்ணு சார்!" என்றான் பையன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையன்தான் உள்ளே வந்தான் என்று பார்த்ததைச் சொன்னேன். உடனே அந்த டீ பேச்சு மறுபடி வந்தது.

மூன்று சுற்று திரும்ப ஓட்டுவது என்று முடிவானது. காய்ந்த சந்தனம் லேசில் வரவில்லை. ஓனரே ஏணியில் தொங்கி, எச்சில் தொட்டு, வேட்டி நுனியால் தேய்த்தார். பிறகு மொத்தக் கூட்டமும் ஷெட்டுக்குள் போய், டிராக்குக்கு முதுகைக் காட்டி நின்றது. வெயிலில் நான் மட்டும்.

இந்தத் தடவை உரசல்கூட இல்லை. நண்பன் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினான். கைதட்டலே இல்லை. போய்ப் பார்த்தால் டிவி கருப்பாக இருக்கிறது. தேய்த்த தேய்ப்பில் கேமரா ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

"வந்துடும், வந்துடும்" என்று ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்த ஓனர் திரும்பி, "ஏம்பா, யாரு ஜெயிச்சது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பையன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அண்ணன்தான் சார். என்னால புடிக்கவே முடியல."

நண்பனும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பிறகு, "சென்னைக்கு என்னிக்கு சார் போவணும்? மீன் லோடு இருந்துதுன்னா வேற டிரைவருக்கு சொல்லி வெக்கணும்" என்றான்.