இறக்கையில் வலது கால் வைத்த நல்லசிவம் அண்ணன்

நல்லசிவம் அண்ணன் போய்விட்டார். காலையில் சங்ககிரியிலிருந்து போன்.

மத்தியானமே எடுத்துவிடுவார்களாம். நான் இருப்பது புனேயில், மகன் வீட்டில். என்ன பறந்தாலும் போய்ச் சேர முடியாது.

அப்போதிலிருந்து ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். டிவியைப் போட்டேன், அணைத்தேன். காபி ஆறிப்போய்க் கிடக்கிறது... சரி, எழுதியாவது தொலைக்கலாம்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளின் ஆரம்பம். சங்ககிரிப் பக்கம் ஒரு மில் முதலாளியிடம் நாலு சீட் வைத்த சின்ன விமானம் ஒன்று இருந்தது. அதை நிறுத்தும் ஷெட்டில் நான் மெக்கானிக். அண்ணன் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர்.

அந்த விமானத்துக்கு ஒரே கதவு. வலது பக்க இறக்கை மேல் ஏறி நடந்துதான் உள்ளே போக வேண்டும். கால் வழுக்காமல் இருக்க அங்கே கறுப்பாக, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக ஒரு பட்டை இருக்கும்.

அது தேய்ந்து மொழுமொழு என்று ஆகிவிட்டது. ஒரு மழை நாளில் முதலாளி வீட்டம்மா வழுக்கி, மயிரிழையில் தப்பினார். கோயம்புத்தூரிலிருந்து வரும் இன்ஜினியர், புதிதாகப் பூசினால்தான் பறக்கக் கையெழுத்து என்று சொல்லி ஒரு டின் கலவையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பூச்சு வேலைக்குச் சுத்தமான கை வேண்டும் என்று முதலாளி அண்ணனைக் கூட்டி வந்தார். அண்ணன் கூலியைப் பற்றிப் பேசவே இல்லை.

"வேலை முடிஞ்சா ஒருக்கா என்னைய மேல கூட்டிட்டுப் போகோணுங்க. எங்க ஊட்ட மேல இருந்து பாக்கோணும். அவ்வளவுதானுங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அண்ணனுக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. வந்ததும் வராததுமாக, லாரியில் பழைய பெயிண்டைச் சுரண்டும் இரும்புத் தகட்டை எடுத்துக்கொண்டு இறக்கை மேல் பாய்ந்தார். "அண்ணா, இது அலுமினியமுங்க! கீறல் உழுந்தாப் போச்சு!" என்று கத்தினேன். ஓடிப்போய் மூங்கிலைச் சீவி எடுத்து வந்தார். அதை வைத்தே பழைய பட்டை முழுவதையும் எடுத்தார், ஒரு கீறல் இல்லாமல்.

சுற்றிலும் டேப் ஒட்டி, ரோலரால் கலவையை உருட்டி முடித்தபோது வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் சாயங்காலம்வரை ஒரு ஈகூட உட்காரக் கூடாது என்பது இன்ஜினியரின் கட்டளை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், அண்ணன் இறக்கைமேல் ஒற்றைக் காலில் நிற்கிறார்! கீழே சூடம் எரிகிறது. பெட்ரோல் வாசம் அடிக்கிற ஷெட்டில்! டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் மிதித்து அணைத்தேன்.

பட்டறையில் புது பாடி கட்டி முடித்தால் நல்ல நேரத்தில் வலது கால் வைத்து ஏறித்தான் லாரியை விடுவார்கள். அதையே இங்கேயும் செய்திருக்கிறார் மனுஷன்.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துரும் சாமி. சும்மா சாஸ்திரத்துக்கு மெல்லத்தான் வெச்சேன்..."

மெல்லத்தான் வைத்தார். காலை எடுத்தபோது பட்டையும் கூடவே வந்தது.

மத்தியானம் இன்ஜினியர் வந்து குனிந்து பார்த்தார். ஐந்து விரலும் அச்சு அசலாக.

"யாரு காலு இது?"

"என்னுதுங்க."

இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மறுக்காப் பூசு. மேல போறதையெல்லாம் மறந்துரு."

அன்றைக்குத்தான் அண்ணன் அசையாமல் நின்று பார்த்தேன்.

மறுபடி எல்லாவற்றையும் சுரண்டி, மறுபடி பூசினார். இந்தத் தடவை தன் காலை அவரே நம்பவில்லை. "பூட்டிச் சாவிய நீயே வெச்சுக்க" என்று வெளியே போய்விட்டார். அப்புறமும் தகரக் கதவைத் தட்டித் தட்டி, "காஞ்சிருச்சா? காஞ்சிருச்சா?"

காய்ந்த பிறகு இன்ஜினியர் வந்து, பூட்ஸ் காலால் மிதித்து, திருகிப் பார்த்தார். பட்டை அசையவில்லை. முதலாளியிடம் திரும்பி, "பூசினவனே முதல்ல ஏறட்டும். வழுக்கினா அவனே விழட்டும்" என்றார். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனை மறுநாள் வரச் சொல்லிவிட்டார்.

அண்ணன் வீட்டுக்கு ஓடி, மனைவி பாப்பாத்தி அக்காவிடம் கல்யாணத்துக்குக் கட்டிய சிவப்புக் கூறைச்சேலையை ஓட்டு மேல் விரித்துப் போடச் சொன்னார். மேலே இருந்து அடையாளம் தெரிய வேண்டுமே. அக்கா அதைத் தண்ணீர்க் குழாயடியில் சொல்லியிருக்கிறார்...

அண்ணனை ஏற்றிப் போன விமானம் இறங்கியதும் நான் ஓடினேன். "என்னங்ணா, ஊடு தெரிஞ்சுதுங்களா?"

"எங்கடா தெரியுது! ஊருல ஒருத்தி பாக்கியில்லாம கூறைச்சேலைய விரிச்சுப் போட்டிருக்கறாளுக. எது எங்கூடுன்னு பாக்கறதுக்குள்ள மலை வந்துருச்சு."

கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பி வந்தார். "பாப்பாத்திகிட்ட சொல்லீராத. பாத்துட்டேன்னுதான் சொல்லப் போறேன்."

இன்று காலையில் முதலில் அவர் மகன் பேசினான். பிறகு போனை அக்காவிடம் கொடுத்தான்.

"தம்பி... போன வாரங்கூடச் சொல்லிட்டிருந்தாரு. ஊரே சேலையப் போட்டிருந்தும் எஞ்சேலைய மட்டும் கண்டுபுடிச்சுக் கையக் காட்டுனாராமா. நெசமாத்தான?"

"ஆமாங்க்கா. எறங்குனதும் எங்கிட்ட அதைத்தான் மொதல்ல சொன்னாருங்க."

அக்கா முகநூலில் இல்லை. இதைப் படிக்கும் சங்ககிரிக்காரர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

மெதுவாப் போங்கண்ணா...