துரை வெட்டியெடுத்த தாள்

பிள்ளைகளே, அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தாள்களுக்கு நடுவே ஒரு சதுரம் மட்டும் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். எலி கடித்தது என்று சொல்லி வைத்திருந்தேன். எலி இவ்வளவு நேராகக் கடிக்குமா என்று சின்னவள் போன வாரம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டு என் இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போன பிறகு எனக்குத் தபால் வேலை கொடுத்தார்கள். காலையில் கடைத்தெருத் தபால் கந்தோருக்கு நடக்க வேண்டும். பூட்டிய பையை வாங்கி வந்து தோட்டத்து ஆபீசில் கொடுக்க வேண்டும். அந்த வேலை போனால் திரும்பவும் கவ்வாத்து மலைதான். கத்தியைப் பிடிக்க முடியாதவனுக்கு அங்கே யார் முழுப் பேர் போட்டு முழு நாள் கூலி கொடுப்பார்கள்? பெரியவன் அப்போது தொட்டிலில் கிடந்தான்.

வாரத்துக்கு ஒரு நாள் பைக்குள் அடங்காத ஒரு சுருள் வரும். லண்டனிலிருந்து கப்பலில் வரும் சிறுவர் படப் பத்திரிகை. மண்ணிறத் தாள் சுற்றி, இரண்டு முனையும் திறந்தே இருக்கும். தோட்டத்து வெள்ளைக்காரப் பெரியதுரையின் இளைய மகன் பெயருக்குத்தான் வரும். ஆனால் அந்தத் துரைதான் முதலில் படிப்பார் என்று பங்களா சமையல்காரர் சொல்லுவார். அவரை எல்லோரும் அப்பு என்போம். நடுவே ஒரு தனித்தாள் முழு வர்ணத்தில் இருக்கும். வானத்துக்கு மேலே ஊர் ஊராகப் போய் வருகிற கப்பல், அதில் போகிறவர்கள், அங்கே இருக்கிற விநோதமான உயிர்கள் என்று கதை ஓடும்.

இது எனக்கு எப்படித் தெரியும்? கலியாணமான வருடம் தீபாவளிக்கு எங்கள் லயத்துக் காம்பிராவின் சுவரில் தாள் ஒட்ட, அப்பு அண்ணன் பங்களாப் பழைய தாள்கள் ஒரு கட்டுக் கொடுத்தார். பாச்சை உருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. உங்கள் அம்மா கோதுமை மாவில் பூச்சி அரிக்காமல் துரிசு போட்டுப் பசை காய்ச்சினாள். இங்கிலீசு எழுத்து எங்களுக்குப் புரியாது. படம் பார்த்தே ஒட்டினோம்.

சில வருடம் போனது. ஒரு நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை மேசையில் அந்தப் பத்திரிகையை விரித்து வைத்திருந்தார். பெரிய கிளாக்கர் ஐயா பக்கத்தில் நின்றார்.

"இது பழைய கதை," என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில். "என் பெரிய மகன் இங்கே இருக்கும்போது நான் படிச்சது. வெளியே புதுக் கடதாசி. உள்ளே பழசு. புதுசு எங்கே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளாக்கர் ஐயா விளக்கினார். "உள்தாள எவனோ உருவிட்டு பழைய தாள வச்சிருக்கானாம். சுருள் ஒன் கையிலதானே வருது? சலூன்காரனுக்கு வித்தியா, செவத்துல ஒட்ட?"

"சாமி சத்தியமா இல்லீங்க ஐயா. நான் சுருளத் தொறந்ததே இல்லீங்க."

"ரெண்டு பக்கமும் தொறந்து கெடக்குற சுருள எதுக்குடா தொறக்கணும்?"

துரை சிரிக்கவில்லை. அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். சிவப்பு மணலில் உடைந்து கிடக்கும் கப்பல். தலையில் கண்ணாடிக் குடத்தைக் கவிழ்த்தது போல மூன்று பேர். மணலுக்குள்ளிருந்து நீளக் கழுத்தை நீட்டுகிற நீலப் பிராணி ஒன்று. "சனிக்கிழமைக்குள்ளே சொல்லு. இல்லாட்டி திங்கள் காலையிலே பெரட்டுக்கு வா." பெரட்டு என்றால் மலை வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம்.

திரும்பும் வழியெல்லாம் யார் யார் என்றே மனம் ஓடியது. தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவர் என்னைப் பார்த்து ஏன் சிரித்தார்? கிளாக்கர் ஐயா மகனுக்குப் படம் வரையும் பைத்தியம் உண்டே? கடைசியில் எல்லாம் அப்பு அண்ணனிடமே வந்து நின்றது. பழைய தாள் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

பங்களாவின் பின்கதவில் நின்று கேட்டேன். அவர் கோழிக்கு இறகு பிய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாடா, மூஞ்சி தேஞ்சு போயிருக்கு? தபால் பைய ஆத்துல விட்டுட்டியா?"

"அண்ணே, துரை பேப்பருக்குள்ள நீங்க ஏதும் கை வச்சீங்களா?"

இறகு பிய்த்த கை நின்றது. "எனக்கு எதுக்குடா அந்தக் கழுத்து நீண்ட சனியன்?" பிறகு குரலை இறக்கினார். "தோ பாரு, நான் அன்னைக்கு ஒனக்குக் குடுத்த தாளப் பத்தி எங்கயும் வாயத் தொறக்காத. மூத்த மகன் திரும்பி வந்து பாக்கணும்னு தொரசாணி பெட்டியில போட்டுப் பூட்டி வச்சிருந்தது அது. சாவி எங்கிட்டதான். அடியில இருந்து உருவித்தான் ஒனக்குத் தந்தேன். புதுப் பொண்டாட்டியோட ஓட்டச் செவத்துல கெடக்குறானேன்னு."

அதைக் கேட்டு எனக்கு நன்றி வரவில்லை. சந்தேகம்தான் கூடியது. அன்றைக்குப் பெட்டியிலிருந்து உருவியவர் இன்றைக்கும் உருவமாட்டாரா? கழுத்து நீண்ட பிராணி என்று இவருக்கு எப்படித் தெரியும்? பங்களாவுக்கு வந்த படத்தைப் பார்க்கிற யாருக்கும் தெரியும் என்பது அப்போது தோன்றவில்லை.

வீட்டில் உங்கள் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள். "அப்புடி என்னா படம் அது?"

சொன்னேன். சிவப்பு மணல், கண்ணாடிக் குடம், நீலக் கழுத்து.

மாவுக் கையால் அடுப்புக்கு மேலே காட்டினாள். "அது இங்கதானே இருக்கு! இதக் காட்டித்தானே புள்ளைக்குச் சோறு ஊட்டுறேன்."

விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். புகையில் மஞ்சளாகி, அதே கப்பல், அதே மூன்று பேர். பழைய தாள் என் சுவரில் ஒட்டியபடியே இருக்கிறது. அப்படியென்றால் துரை மேசையில் இருப்பது அந்தப் பழைய தாள் இல்லை.

"பொழச்சோம். காலையில போயி சொல்லிருங்க," என்றாள். அப்புறம் அவளே, "யாரு குடுத்தான்னு கேப்பாங்களே?" என்றாள்.

குப்பைக்குழியில் கிடந்தது என்று சொல்லலாம் என்று யோசித்து வைத்தேன்.

மறுநாள் காலையில் ஆபீசில் போய்ச் சொன்னதும் துரை லயத்துக்கே வந்தார். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். வாசலில் லயமே கூடி நின்றது. புதுத்தாளைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். படத்துக்குப் படம் பார்த்தார். இரண்டு தாளிலும் ஓரத்தில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் படித்தார். பிறகு இங்கிலீசில் ஏதோ திட்டினார். கிளாக்கர் ஐயா என்னிடம் மெல்லச் சொன்னார். "லண்டன்காரனுங்களே பழைய கதையத் திரும்ப அச்சடிச்சு புதுசுன்னு அனுப்புறானுங்களாம். ஒம் மேல தப்பில்லடா."

எனக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துத் துரை கேட்டார். "இந்தக் கடதாசி உனக்கு யார் கொடுத்தது?"

குப்பைக்குழி என்ற சொல் நாக்கு வரை வந்தது. பொய் சொன்னால் திரும்பவும் என்னைத்தான் சந்தேகிப்பார் என்று பயம். அதோடு, அப்பு மேல் என் மனம் இன்னும் சுத்தமாகவில்லை. "அப்பு குடுத்தாருங்க," என்றேன்.

துரை சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, அந்தத் தாளைச் சுற்றி நேராகக் கீறி உரித்துக்கொண்டு போனார். அந்தச் சதுரம்தான் நீங்கள் கேட்டது.

என் வேலை நிலைத்தது. அப்பு அண்ணனிடமிருந்து சாவிக்கொத்தைத் துரைசாணி வாங்கிக்கொண்டார். சீனி எடுக்கவும் அவர் துரைசாணியைக் கூப்பிட்டு நிற்க வேண்டியதாயிற்று. என்னை அவர் திட்டவில்லை. தபால் கொண்டு போனால் அடுப்பைப் பார்த்தபடி "வச்சிட்டுப் போ" என்பார். அவ்வளவுதான். தை பிறந்ததும் இறம்பொடைப் பக்கம் வேறு பங்களாவுக்குப் போய்விட்டார்.

அவர் போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். இதை உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை. பெட்டியில் ஒரே கதை இரண்டு பிரதி இருந்திருக்கலாமே, ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு மற்றதை அப்பு சுருளில் வைத்திருக்கலாமே என்று என் மனம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் குற்றவாளியாக இருந்தால் எனக்கு நிம்மதி. அதுதான் உண்மை.

அடுத்த வாரச் சுருளை வாங்கிக்கொண்டு வந்தபோது, முதல் வளைவுப் பாலத்தில் ஆள் நடமாட்டமில்லை. பையை இறக்கி வைத்தேன். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தேன். அதுவரை ஒரு நாளும் செய்யாததைச் செய்தேன்: சுருளுக்குள் விரலை விட்டுப் பத்திரிகையை வெளியே இழுத்தேன். உள்தாளை விரித்தேன். அப்பு கை படாத சுருளிலும் எங்கள் சுவரில் இருக்கிற ஒரு பழைய படம்தான். மூக்கோடு வைத்து முகர்ந்தேன். துரைசாணி பெட்டியின் பாச்சை உருண்டை வாசனை இல்லை. புது மை வாசனைதான் வந்தது. இன்னொரு தடவையும் முகர்ந்து பார்த்தேன். பிறகு முன்பு இருந்தபடியே இறுக்கிச் சுருட்டி, மண்ணிறத் தாளுக்குள் செருகி, இரண்டு முனையையும் கட்டைவிரலால் தட்டிச் சமன் செய்துகொண்டு மேலே நடந்தேன்.