ஒரே மலைக்கு இரண்டு உயரம்

லிஃப்ட்காரர் என்று சொன்னால்தான் அவரை அந்த ஊரில் யாருக்கும் தெரியும். மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கடவுளைக் கூப்பிடுவதற்கு முன்னால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்கக் கிரீஸ் கையும் ஸ்பானருமாக அலைகிற அந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊருக்கு வெளியே இருக்கிற சின்ன விமானத் திடலில் இருப்பார். அங்கே அவருக்கும் ஒரு பல் டாக்டருக்கும் பங்கில் ஒரு விமானம் உண்டு. விமானம் என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். மொத்தமே இரண்டு சீட். கதவைச் சாத்த இரண்டு தடவை இழுத்து அடிக்க வேண்டும்.

"நாள் பூரா நேர் மேல போற மனுஷன், ஒரு நாளாவது பக்கவாட்டுல போகட்டுமே" என்று பல் டாக்டர் கிண்டல் செய்வார். லிஃப்ட்காரருக்கு அதெல்லாம் உறைக்காது. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால் அவருக்குத் தலைகால் புரியாது. வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பாட்டு மேசையில் கரண்டியை விமானமாக்கி இறக்கிக் காட்டுவார். ஒரே ஒரு குறை, அந்த இரண்டாவது சீட்டில் அவர் மனைவி ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் இரண்டு முறை படிக்காமல் யார் கையிலும் கொடுக்க மாட்டாள். "காலுக்குக் கீழ தரை இருந்தா எனக்குப் போதும், ஆளை விடுங்க" என்பாள்.

இப்படியே போயிருக்கும். நடுவில் அக்கா விஷயம் வந்தது.

லிஃப்ட்காரரின் அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டில் இருக்கிறாள். அவளும் இவர் மனைவியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு; இந்தக் கல்யாணமே அக்கா பிடிவாதம் பிடித்து முடித்து வைத்ததுதான். இப்போது அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன், நெடுந்தூரம் உட்கார்ந்து வரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர்கள் போவதென்றால் ரயில், பஸ், மறுபடி ரயில் என்று மாறி மாறி முதுகு உடைந்துவிடும். அத்தனை நாள் மருந்துக்கடையில் லீவும் கிடையாது. தோழிகள் இருவரும் முகம் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. அந்தச் சின்ன விமானத்திலோ, காலைச் சாப்பாடு இங்கே என்றால் மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்.

அக்கா போனில் அழுத அன்று, மனைவி ரிசீவரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "வர்றேன். ஆனா ஒண்ணு. இங்கேருந்து அவ வீடு வரைக்கும் முழு வழியையும் எனக்கு மேப்ல காட்டணும். நடுவுல ஒரு விரல் அகலம் வெறுமையா இருந்தாலும் நான் ஏற மாட்டேன்."

"இவ்வளவுதானா!" என்று லிஃப்ட்காரர் துள்ளிக் குதித்தார்.

இவ்வளவுதானாம்! டேப்லெட்டில் அவர் வைத்திருந்த வழிகாட்டும் ஆப், சொந்த நாட்டில் ஒரு குட்டையைக்கூட விடாமல் காட்டும். எல்லைக்கோட்டைத் தாண்டி விரலைத் தள்ளினாரோ இல்லையோ, எல்லாம் சாம்பல் நிறம். அதற்கு மேல் உலகமே கிடையாது போல. இன்னொரு ஆப்பை இறக்கினார். அதில் திடல்கள் இருந்தன, மலைகள் இல்லை. மூன்றாவது ஆப் முழுக்க அந்த நாட்டு மொழி. எதையோ அழுத்தப்போய் மேப் தலைகீழாக நின்றது, அவரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு அரை நாள் பார்த்தார். பல் டாக்டர் அலமாரியைக் குடைந்து, ஓரமெல்லாம் கிழிந்த ஒரு பழைய மேப்பைக் கொண்டுவந்து நீட்டினார். "எடுத்துட்டுப் போய்யா. மலை என்ன, எங்கயாவது ஓடிடவா போகுது?"

"பழைய மேப்பை வெச்சுப் பறந்தா லைசென்ஸ் ஓடிடும்" என்று லிஃப்ட்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இருந்தாலும் மனிதருக்குச் சலிப்பே வரவில்லை. சொல்லப்போனால் இத்தனை தேடலும் அவருக்கு ஒரே கொண்டாட்டம்.

கடைசியில் அக்கா ஊர்த் திடலுக்கே போன் போட்டார். அங்கே இருந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியும், நல்ல மனுஷி. அவர்கள் அரசாங்கமே வருஷா வருஷம் விமானிகளுக்கென்று அச்சடிக்கிற மேப் இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன் என்றாள். அனுப்பியும் வைத்தாள். "குழாய் மாதிரி ஏதோ வந்திருக்கு" என்று வீட்டிலிருந்து சேதி வந்தபோது, லிஃப்ட்காரர் ஒரு மொட்டைமாடி மோட்டார் அறையில் இருந்தார். அன்று அந்த லிஃப்ட் சரியானதைப் போல எந்த லிஃப்டும் அவ்வளவு சீக்கிரம் சரியானதில்லை.

சாப்பாட்டு மேசையில், தன்னிடம் இருந்த நம்ம நாட்டு மேப்பையும் இதையும் விரித்தார். இரண்டும் ஒரே அளவுகோல். ஆனால் எல்லையோரம் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. நம்ம நாட்டு மேப்பில் இருக்கிற எல்லை மலை, அந்த நாட்டு மேப்பிலும் இருந்தது. ஒரே இடம் எதற்கு இரண்டு தடவை? கத்தரியை எடுத்துப் புது மேப்பின் ஓரத்தை நறுக்கென்று வெட்டிக் கீழே போட்டார். விளக்கம் அச்சடித்திருந்த மூலையை, எப்படியும் மொழி புரியாது என்று உள்ளே மடக்கினார். டேப் ஒட்டினார். அப்பா, என்ன அழகு! பிறகு அந்தப் பக்கத்து மலைகளின் உயரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆப்பில் தானே ஏற்றினார். வீடும் வயலும் கண்ணில் பட்டால் மனைவிக்குப் பயம் இருக்காதே என்று, தாழ்வாக இரண்டாயிரத்து ஐந்நூறு அடியில் வழியைப் போட்டார். எங்கேயும் மலை இடிக்காது என்று ஆப் முழு வழியையும் பச்சையாகக் காட்டியது.

மனைவி கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் மேசையருகே நின்றாள். அவள் விரல் வீட்டிலிருந்து கிளம்பி, எல்லையைத் தாண்டி, அக்கா ஊர் வரைக்கும் போய் நின்றது. "ஐயோ, இவ்வளவு பக்கத்துலயா இருக்கா!" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. லிஃப்ட்காரர் பூரிப்பில் கரண்டியை எடுத்து அக்கா ஊரில் இறக்கிக் காட்டினார்.

"இந்தக் குப்பையை யாரு அள்றது?" என்று குனிந்தவள், வெட்டி எறிந்த துண்டை எடுத்தாள். எதையும் படிக்காமல் போடுகிற பழக்கம்தான் கிடையாதே.

"ஏங்க, எல்லை மலை நம்ம மேப்புல ரெண்டாயிரத்து நூறுன்னு போட்டிருக்கு. இந்தத் துண்டுல அதே மலைக்கு அறுநூத்தி நாப்பதுன்னு இருக்கே?"

"அச்சுப் பிழையா இருக்கும்."

"எதுல அறுநூத்தி நாப்பது? அளவு சொல்லாம மருந்து கொடுத்தா எங்க கடையில சீட்டுக் கிழிஞ்சிடும்."

அவர் மடக்கின மூலையைப் பிரித்தார். போன் கேமராவை அதன் மேல் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னார். எல்லா உயரங்களும் மீட்டரில், என்று வந்தது.

நம்ம மேப்பில் எல்லாம் அடி. அக்கா ஊருக்கு முன்னால் நிற்கிற பெரிய மலைக்கு ஆயிரத்து நூறு என்றிருந்ததை, அடி என்று நினைத்து அப்படியே ஆப்பில் ஏற்றியிருந்தார். அதைத் திருத்தினார். மூவாயிரத்து அறுநூறு அடி! பச்சையாக இருந்த வழி, நட்டநடுவில் சிவந்துபோனது. 'எங்க மலை பாதி நாள் மேகத்தை மூடிக்கிட்டு முகமே காட்டாதுடா' என்று அக்கா போனில் சிரித்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. இவள் பயப்படக் கூடாதென்று தாழ்த்திப் போட்ட வழி, நேராக அந்த மேகத்துக்குள்தான் போயிருக்கும்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வேண்டாம்மா. நாம போக வேண்டாம். உன்னைக் கொண்டுபோய்..." டேப்லெட்டை அணைத்துத் தள்ளி வைத்தார். இத்தனை வருஷம் அந்தச் சீட்டு காலியாகக் கிடந்தது போதாதா, இனிமேல் அவள் திடல் பக்கமே வர மாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார்.

அவள் உள்ளே போனாள். கை கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, வெட்டிய துண்டை அது இருந்த இடத்திலேயே வைத்து, டேப்பால் அழுத்தி ஒட்டினாள். பிறகு மேப்பின் மேல் குனிந்தாள்.

"இதோ ஒரு ஆறு மலையைச் சுத்திக்கிட்டு அவ ஊருக்குப் போகுதே. இப்படிப் போனா?"

"போலாம்... கொஞ்ச நேரம் கூட ஆகும்."

"ஆகட்டுமே."

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக உங்களைத் தனியா அனுப்பிட்டு இங்க உக்காந்திருக்கச் சொல்றீங்களா? எதுல, எதுலன்னு அங்க யாரு கேப்பா?"

லிஃப்ட்காரர் டேப்லெட்டை எடுத்து ஆற்று வழியைப் போடத் தொடங்கினார். அவள் அதற்குள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அடியே, நான்தான். ஞாயித்துக்கிழமை வானம் தெளிஞ்சிருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேருக்குச் சேர்த்து வை. உன் தம்பியைக் கூட்டிட்டு வர்றேன்."

"யாரு, யாரைடீ கூட்டிட்டு வர்றது?" என்று அந்தப் பக்கம் அக்கா கத்தியது மேசை வரைக்கும் கேட்டது.

"நான்தான்டீ, அவரை. மேப்பு என் மடியிலதான் இருக்கும்."