நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எலெக்ட்ரானிக் பெட்டியைப் பழுதுபார்க்கும் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: கார் ஓடினால் மெக்கானிக் கெட்டிக்காரர், ஓடாவிட்டால் பெட்டிக்காரன் முட்டாள். டிவியோ டெலிபோனோ, அடுத்தவர் சாமானைத் திறந்து பார்த்துப் பிழைக்கிற உங்கள் எல்லாருக்கும் இது தெரிந்ததுதான். நம் தலையெழுத்து அப்படி.

தொண்ணூறுகளில் தி. நகரில், என் சித்தப்பாவின் ஜவுளிக்கடை மொட்டை மாடியில் ஓர் அறைதான் என் பட்டறை. காருக்கு மூளையான அந்தப் பெட்டியை நான் பார்ப்பேன். மற்றதெல்லாம் சைதாப்பேட்டை கன்னியப்பன் பொறுப்பு. பெட்டி என்று ஒன்று இருப்பதே காருக்கு அவமானம் என்பது அவருடைய கட்சி.

வேகம் கேட்டவர்

அடையாற்றிலிருந்து தோல் ஏற்றுமதி செய்யும் இளைஞர் ஒருவர், பத்து வயதான ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரோடு வந்தார். இன்னும் வேகம் வேண்டுமாம். எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்ற கணக்கெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிப்பில்தான் எழுதியிருக்கும். பழைய சிப்பைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு, கணக்கை மாற்றி எழுதிய புதுச் சிப்பை மாட்டினேன். கார் சீறிக்கொண்டு போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவரைப் பாண்டி பஜாரில் பார்த்தேன். முகத்தில் அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை. கார் எப்படி என்று கேட்டேன். "பிரமாதம் சார். முன்னெல்லாம் தேனாம்பேட்டை சிக்னலுக்கு மெதுவாப் போய்க் கொஞ்ச நேரம் நிப்பேன். இப்ப வேகமாப் போய் ரொம்ப நேரம் நிக்கிறேன்."

நடந்து வந்த மாப்பிள்ளை

மயிலாப்பூர் கமலா மாமி வந்தது அதற்குப் பிறகு. மஸ்கட்டில் வேலை பார்த்த கணவர் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த சிவப்புக் கார், அடையாற்றுக்காரருடைய அதே மாடல்; கூரையை மட்டும் மடக்கலாம். கணவருக்கு அதை ஓட்டப் பயம், மாமிதான் ஓட்டுவார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கியவர் கேட்ட கேள்வியில் நான் அசந்துபோனேன். "ஏம்ப்பா, இதை மெதுவாப் போகப் பண்ண முடியுமா?"

விஷயம் இதுதான். பெரிய பெண் சுதாவின் கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை ஊர்வலமான ஜானவாசத்துக்கு வேறு கார் எதற்கு என்று மாப்பிள்ளையை இதில் உட்கார வைத்திருக்கிறார்கள். காற்று முகத்தில் அடித்தால்தான் குளிர்கிற இன்ஜின், நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்தால் என்ன ஆகும்? கொதித்தது. கொதித்ததும் பெட்டி பெட்ரோலை நிறுத்திவிட்டது. தெப்பக்குளத்து மூலையில் மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக இறங்கி, மண்டபம் வரை நடந்தார். இப்போது இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். வேறு கார் வைத்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும். இதை வைத்து மறுபடி நின்றால் மயிலாப்பூரில் தலைகாட்ட முடியாது. மூத்த மாப்பிள்ளை ஒவ்வொரு தீபாவளிக்கும் போனில் சொல்வதை மாமி அப்படியே சொல்லிக் காட்டினார்: "ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம் மாமி. உங்காத்துக்கு நடந்து வந்துதானே எனக்குப் பழக்கம்!"

வடாம் பக்கத்தில்

நான் ஒரு வாரம் திருநெல்வேலிக்குப் போயிருந்தபோது, கல்யாணக் கார் பளபளக்க வேண்டும் என்று கன்னியப்பன் ஹோஸ் பைப்பை வைத்து உள்ளும் புறமும் கழுவியிருக்கிறார். கால்மிதிக்கு அடியிலிருந்த பெட்டி குளித்துவிட்டது. அதைக் கழற்றி மாமியிடம் கொடுத்து, வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். மாமி மூடியைத் திறந்து, சிப்பின் மேல் ஒட்டியிருந்த ஈரக் காகிதத்தையும் உரித்துவிட்டு, தன் வீட்டு மொட்டை மாடியில் வடாத்துக்குப் பக்கத்தில் பரப்பிவிட்டார். தினமும் காக்காய் வராமல் பார்த்துக்கொண்டாராம்.

அந்தக் காகிதத்துக்கு அடியில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியே வெயில் நாள்கணக்கில் பட்டால் சிப்பில் எழுதியதெல்லாம் அழிந்துபோகும். நான் வந்து பார்த்தபோது அது துடைத்த பலகையாக இருந்தது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. அப்புறம்தான் டிராயரில் கிடந்த அடையாற்றுக்காரரின் பழைய சிப் ஞாபகத்துக்கு வந்தது. அதே மாடல், அதே கணக்கு! அவரிடம் கேட்டுக்கொண்டு அதைப் பிரதி எடுத்தேன். மாமி மட்டும் சமாதானமாகவில்லை. "எங்காத்து வெயில்ல காஞ்சு வீணாப்போன ஒரே சாமான் இதுதாம்ப்பா."

தள்ளுவண்டி

இன்ஜினைக் குளிர்விக்கிற ஃபேன் சீக்கிரமே சுழலவும், ஊரும்போது இன்ஜின் திணறாமலிருக்கவும் கணக்கை மாற்றி எழுதினேன். சோதனை ஓட்டம் மாட வீதியில். கன்னியப்பன் ஓட்ட, நான் நாதஸ்வரக்காரரின் இடத்தில் முன்னால் நடந்தேன். கையில் வாத்தியம் இல்லாத ஒருவன் பின்னால் ஒரு சிவப்புக் கார் ஊர்ந்து வருவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. "ஊரே பறக்கணும்னு கேக்குது, நீ தவழ வுட்டுக்கினு கீறியே சார்" என்று கன்னியப்பன் புலம்பிக்கொண்டே வந்தார்.

அப்போது கத்திரிக்காய் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று எங்களை முந்தியது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, பெட்ரோல் இல்லியா? காய எறக்கிட்டு வந்து தள்றேன், இரு!"

ஜானவாசம்

அன்று கன்னியப்பன் வெள்ளைச் சட்டையில் ஓட்டினார். புது மாப்பிள்ளை பக்கத்தில். மூத்த மாப்பிள்ளை காருக்கு இணையாக, இதோ நிற்கப்போகிறது என்ற சிரிப்போடு நடந்தார். நான் மறுபக்கம், கண்ணெல்லாம் வெப்பமானியின் முள்ளில். சரியாகத் தெப்பக்குளத்து மூலையில், யாரோ 'சபாஷ்' சொன்ன உற்சாகத்தில் நாதஸ்வரக்காரர் நின்று தோடி ராகத்தை எடுத்துவிட்டார். தோடி அவ்வளவு சீக்கிரம் முடியுமா? முள் ஏறியது. மாமி கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். நான் எந்தச் சாமியையும் விடவில்லை. அப்புறம் காரின் மூக்குக்குள் ஃபேன் 'ஹ்ம்' என்று சுழன்றது பாருங்கள், தோடியைவிட எனக்கு அதுதான் இனித்தது. முள் இறங்கியது, கார் ஊர்ந்தது, மாப்பிள்ளை மண்டப வாசலில் இறங்கினார்.

மாமி அதோடு விடவில்லை. சாவியை வாங்கி மூத்த மாப்பிள்ளை கையில் வைத்தார். "உங்களுக்கு ஒரு ஊர்வலம் பாக்கி இருக்கே, ஏறுங்கோ." பக்கத்தில் சுதாவை உட்கார வைத்து, நாதஸ்வரக்காரரையும் முன்னால் நிறுத்தினார். மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண் கலங்கியது, எனக்கும்தான். அதே தெப்பக்குளத்து மூலையைத் தாண்டும்போது, கூட நடந்து வந்த மாமியைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு இது ஒழுங்கா ஓடியிருந்தா நான் தனியாத்தானே வந்திருப்பேன் மாமி? நின்னதே நல்லதாப் போச்சு!"

அதற்கப்புறம் வேகம் கேட்டு வருகிறவர்கள் குறைந்து, முகூர்த்த நாள் சொல்லி ஊரக் கேட்டு வருகிறவர்கள் கூடி, என் மேசையில் மல்டிமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாங்கமும் வந்து உட்கார்ந்துவிட்டது.